எரிமலை வேண்டாம், ஒரு கேள்வியோடு வாருங்கள்

அறிவியல் கண்காட்சி என்று சுற்றறிக்கை வந்ததும் பெற்றோர் ஓடுவது ஸ்டேஷனரி கடைக்கு. தெர்மாகோல், சார்ட் அட்டை, சமையல் சோடாவில் வினிகர் ஊற்றினால் பொங்கும் எரிமலை. இப்போது ராக்கெட் மாடல் ரெடிமேடாகவே கிடைக்கிறது. அம்மா ராத்திரி உட்கார்ந்து ஒட்டுவார், பிள்ளை காலையில் மனப்பாடமாக ஒப்பிக்கும். நடுவராகவும் வழிகாட்டியாகவும் பல மேசைகளைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: பிள்ளைக்கு அறிவியல் ஒட்டிக்கொள்வது கண்காட்சி நாளில் இல்லை, அதற்கு முந்தைய வாரங்களில் எதையாவது அளக்கும்போது.

நான் வழிகாட்டிய எட்டாம் வகுப்புக் குழு ஒன்று எடுத்த தலைப்பைச் சொல்கிறேன். வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷின், அதாவது தண்ணீரில் கரைந்த உப்புகளைக் குறைக்கும் சுத்திகரிப்பு மெஷின், விற்க வருகிறவர்கள் ஒரு வித்தை காட்டுவார்கள். ஒரு டம்ளரில் நம் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் கருவியை அவற்றில் இறக்கி பிளக்கில் செருகினால், நம் தண்ணீர் மட்டும் சாக்கடை நிறமாகிவிடும். “பாத்தீங்களா, இதைத்தான் குடிக்கிறீங்க!” அந்தக் குழு கேட்ட கேள்வி: நிறம் தண்ணீரிலிருந்து வருகிறதா, கம்பியிலிருந்து வருகிறதா?

விற்பனையாளரின் கருவி வீட்டு மின்சாரத்தில் ஓடுவது, பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. 9 வோல்ட் பேட்டரியும் பூச்சில்லாத இரும்பு ஆணிகளும் போதும். நேரம் கொஞ்சம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். நான்கு டம்ளர் வைத்தார்கள்: போர்வெல் தண்ணீர், கொதிக்க வைத்து ஆற்றிய அதே தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், ஒரு சிட்டிகை உப்புப் போட்ட ஆர்.ஓ. தண்ணீர். ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் தெளிவாக நின்றது. உப்புப் போட்டதும் அதுவும் பழுப்பாகிவிட்டது! பிறகு ஆணிக்குப் பதில் பென்சில் கரிக்குச்சிகளை வைத்து, போர்வெல் தண்ணீரையே சோதித்தார்கள். குமிழி வந்தது, பழுப்பு வரவில்லை. கரைந்த உப்பு இருந்தால் தண்ணீரில் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகும். டம்ளரில் தெரிந்தது ஆணியின் துரு.

இதில் எந்த மாடலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே அளவு டம்ளர், ஒரே அளவு தண்ணீர், ஆணிகளுக்கிடையே ஒரே இடைவெளி, ஒரே நேரம், ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் செய்தல் என்ற கட்டுப்பாடுதான் இருந்தது. எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன், சொதப்பியதையும் சேர்த்து. கண்காட்சிக்காக அழகாகத் திருப்பி எழுதிய நோட்டை நடுவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்து, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர். அது நேரடியாக உப்பை அளப்பதில்லை. மின்கடத்தலை அளந்து கணக்குப் போட்டு எண் காட்டுகிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்பது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை. ஆனால் அந்த எண் கிருமியைப் பற்றி எதுவும் சொல்லாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல்லில் கறையும் எலும்பில் பாதிப்பும் தரும் ஃபுளோரைடையும் அது தனியாகக் காட்டாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே வரம்பு மீறல். பல நூறு காட்டும் மீட்டரில் அது எங்கே தெரியப்போகிறது?

கண்காட்சியில் ஒரு பெரியவர் கேட்டார்: “அப்போ நான் மெஷின் வாங்குன காசு வீணாம்மா?” குழுவிலிருந்த மாணவி ஒருத்தி பதில் சொன்னாள்: “அது தெரியல தாத்தா. உங்க வீட்டுத் தண்ணிய அளந்து பாத்தாத்தான் சொல்ல முடியும். மெஷின் விக்கறவங்க காட்டுற சோதனை ஏமாத்துங்கறது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.” நான் நடுவராக இருந்திருந்தால் அந்தப் பதிலுக்கே முழு மதிப்பெண் போட்டிருப்பேன். எவ்வளவு தெரியும், எதுவரை தெரியும் என்று பிரித்துச் சொல்லப் பெரியவர்களிலேயே பலருக்கு வராது.

நடுவர்கள் கேட்பது பெரும்பாலும் இவைதான்: ஏன் இந்தத் தலைப்பு, எப்படி அளந்தீர்கள், எத்தனை முறை, வேறு காரணம் இருக்கலாமா? கடைசிக் கேள்விக்குத் தயாராகிவிட்டால் மற்றவை தானாக வரும். வழிகாட்டி ஆசிரியர் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்காமல் இருப்பது நல்லது. எனக்கே அது கஷ்டமாகத்தான் இருக்கும்.

பள்ளிக் கண்காட்சியோடு நின்றுவிட வேண்டாம். 1993 முதல் தேசிய அளவில் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரை கலந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்னின்று நடத்திவந்திருக்கிறது. உள்ளூர்ப் பிரச்சினையை ஆய்வு செய்வதே அதன் அடிப்படை, ஆகவே பணத்தால் ஜெயிக்க முடியாது. புதிய கருவிக்கான யோசனை இருந்தால், மாணவர்களின் புதிய யோசனைகளுக்கு உதவும் மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்குப் பள்ளி வழியாக அனுப்புங்கள். தேர்வானால் 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். கணக்கை முன்கூட்டியே தொடங்கி வையுங்கள். மாநாட்டுக்கான அறிக்கையைத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பேசலாம். யாராவது ஆங்கிலத்தில் பேசினால்தான் எடுபடும் என்று பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.