பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி: இடது பக்கம் மட்டும் ஏன் வெடிக்கவில்லை?

விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என்னுடைய பழைய 12 போர் (bore, குழலின் அகலத்தைக் குறிக்கும் அளவு) துப்பாக்கியில் வலது குழல் ஒழுங்காக வெடிக்கும், இடது மட்டும் அடிக்கடி காலை வாரும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெடிக்கவில்லையே என்று உடனே திறந்துவிடாதீர்கள். வெடிமருந்து தாமதமாகப் பற்றுவதும் உண்டு. குழலின் வாயை ஆபத்தில்லாத திசையிலேயே வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிடமாவது பொறுத்திருந்து, அப்புறம் திறவுங்கள்.

திறந்ததும் அந்தத் தோட்டாவின் பிரைமரை, அதாவது அடிப்பக்க நடுவில் குத்தினால் பற்றும் சிறு மூடியை, பாருங்கள். பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. ஃபயரிங் பின் (பிரைமரைக் குத்தும் ஊசி) நன்றாக ஆழமாகக் குத்தியும் வெடிக்காவிட்டால் பெரும்பாலும் தோட்டாவில்தான் கோளாறு. தடம் நடுவை விட்டு விலகியிருந்தால் பின்னோ அது வரும் துளையோ தேய்ந்திருக்கலாம், குழல்களே ஆட்டம் கண்டிருக்கவும் கூடும். எனக்கு ஒரே பெட்டித் தோட்டாக்களில் வலது பக்கம் குழிந்து நல்ல கிண்ணம் மாதிரி, இடது பக்கம் நகத்தால் கீறியது போல லேசான தடம். ஆக, பின் குத்துவதில் வேகம் இல்லை.

பின்னை அடிக்கும் சுத்தியலைத் தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன், புதிது செய்யச் சொல்லக்கூட மனம் தயாராகிவிட்டது. துப்பாக்கி பழுது பார்ப்பவர் பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டினார்: வருஷக்கணக்கில் விட்ட எண்ணெய் பழுப்பு நிறத்தில் பிசினாக இறுகி, சுத்தியலையும் பின்னையும் பிடித்துக்கொண்டிருந்தது. குளிர்ந்த காலையில் தொல்லை அதிகமாக இருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, துடைத்து, ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். ஸ்பிரிங்கில் குறையே இல்லை.

இதை வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று இறங்காதீர்கள். பழைய திருகுகளின் வாய் மிகக் குறுகல், பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் ஒரே திருப்பில் கெடுத்துவிடும், வி வடிவ ஸ்பிரிங்கைக் கருவி இல்லாமல் எடுத்தால் உடையும். பின்னின் முனையை அரத்தால் கூராக்குவது அதைவிட மோசம். முனை உருண்டையாக இருக்க வேண்டும், கூரானால் பிரைமரைத் துளைத்து சூடான வாயு முகத்தில் அடிக்கும்.

அவரிடம் கொடுத்ததே கொடுத்தோம் என்று குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளத்தையும் அளக்கச் சொன்னேன். 65 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே நுழைந்தாலும் இனி அதை இதில் போடமாட்டேன்.