ஏழாம் சிலிண்டரின் மிஸ்ஸிங்

வண்டி 1994 மாடல் பிக்கப். 350 கன அங்குல, அதாவது 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 பெட்ரோல் எஞ்சின். நிற்கும்போது சமர்த்தாக ஓடும். பாரத்தோடு மேட்டில் மிதித்தால் குலுங்கும், இழுக்காது: ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் ஆகிறது. முந்தைய உரிமையாளர் பொறி தரும் பிளக், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, அதன் ரோட்டார் எல்லாம் புதிதாகப் போட்டுப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் எனக்கு மலிவாகத் தள்ளிவிட்டார்.

எந்த சிலிண்டர் என்று சொல்லும் கணினி இந்த வயது வண்டியில் கிடையாது. எப்போது மிஸ் ஆகிறது என்பதுதான் துப்பு. காற்றுக் கசிவு என்றால் ஐடிலிங்கில் மோசமாகவும், மிதித்தால் கொஞ்சம் தேறியும் இருக்கும், இங்கே தலைகீழ். கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது உண்டாகும் அழுத்தம், எட்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தது. மேட்டில் ஏறும்போதும் பெட்ரோல் அழுத்தம் குறையவில்லை. மிச்சம் இக்னிஷன், அதாவது பொறி தரும் அமைப்பு.

பாரம் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். பிளக் இடைவெளியைத் தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். அந்த நேரத்தில் பிளக்குக்குப் போகும் வயரின் உறை பலவீனமாக இருந்தால் மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடும். மல்டிமீட்டரில் வயர்கள் அனைத்தும் தேறின. தேறத்தான் செய்யும்: மீட்டருக்குள் இருப்பது சின்ன பேட்டரி, வயரில் ஓடுவதோ பல்லாயிரம் வோல்ட். இந்தச் சோதனையை நம்பி வயரை நல்லது என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஏழாவது பிளக்கைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக, பென்சிலால் கீறியதுபோல ஒரு கரிக்கோடு, பொறி இடைவெளியைத் தாண்டாமல் வெளியே ஓடிய தடம். இரவில் விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, கையை எட்ட வைத்துக்கொண்டு வயர்கள்மேல் தண்ணீரைப் புகைபோலத் தெளித்தேன். ஐந்தாம் வயருக்கும் ஏழாம் வயருக்கும் இடையே நீலப் பொறி நெளிந்தது. இரண்டையும் யாரோ பிளாஸ்டிக் பட்டையால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

இந்த எஞ்சினின் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த சிலிண்டர்கள், எரிவதும் அடுத்தடுத்து. வயர்கள் ஒட்டி இணையாக ஓடினால் ஐந்துக்குப் போகும் மின்சாரம் ஏழைத் தூண்டிவிடும். ஏழாவது பிஸ்டன் அப்போது கம்ப்ரஷனில் பாதி வழியில்தான் இருக்கும். கிராங்க் கணக்கில் 90 டிகிரி முன்கூட்டியே எரிந்தால் குலுங்காமல் என்ன செய்யும்?

புது வயர், ஏழுக்குப் புது பிளக். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே மூன்றாம் வயரை விட்டு, குறுக்கே போகும் இடங்களில் செங்கோணமாக வைத்துப் பிடிப்பான் மாட்டினேன். அதே மேட்டில், அதே பாரத்தோடு, குலுக்கலே இல்லை. வால்வு மூடியில் கசியும் எண்ணெய் ஏழாம் வயரின் மீதுதான் சொட்டுகிறது. அடுத்து அந்த மூடியின் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்.