மனநல ஓ.பி. சீட்டு வாங்குவதற்குள்

எனக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, காவேரிப்பட்டணம் பக்கம் வீடு, வாரம் ஒரு ஷிப்ட் மாறும். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, லைனில் நிற்கும்போதே நெஞ்சு படபடப்பு. முன்கதை இவ்வளவு போதும். இருபதுகளில் இருக்கிற பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான். வைத்தியத்தைவிடச் சிரமமானவை இரண்டு. ஒன்று, சரியான கதவைச் சரியான நாளில் தட்டுவது. இன்னொன்று, மாத்திரையின் முதல் மூன்று வாரத்தைத் தாண்டுவது. பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் விடுகிறார்கள்.

முதல் பயணம் வீண். ஓர் அரசு ஆஸ்பத்திரி கவுன்டரில் "என்ன தம்பி?" என்று கேட்டதற்கு "நெஞ்சு படபடப்பு" என்று சொன்னதுதான் தப்பு. சீட்டில் பொது மருத்துவம் என்று விழுந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் வரிசை, ஈ.சி.ஜி., பி.பி., எல்லாம் நார்மல். "டென்ஷன் ஆகாதீங்க" என்று பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. டென்ஷன் ஆகாமல் இருக்கத் தெரிந்தால் ஏன் லீவு போட்டு வரப் போகிறோம்? கவுன்டரில் "மனநலப் பிரிவு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் அவரவர் வலியைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அன்றைக்கு எடுத்த தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். தைராய்டு கூடினால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும், குறைந்தால் சோர்வும் மந்தமும் வரும். ரத்தசோகையிலும் களைப்பும் படபடப்பும் உண்டு. மனநல டாக்டரும் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின் கேட்க வாய்ப்பு அதிகம். கையில் இருந்தால் இன்னொரு நடை மிச்சம்.

இரண்டாம் பயணமும் வீண்தான். மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில்தான் வரும், தினமும் அல்ல. வாசலில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது: "டாக்டர் நேத்தே வந்துட்டுப் போயிட்டாரு கண்ணு, அடுத்த வாரம் வா." ஒருநாள் சம்பளம் போச்சு. பாலக்கோடு, அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று எங்கே இருந்தாலும் பஸ் ஏறுவதற்கு முன்னால் எந்தக் கிழமை, எத்தனை மணிவரை என்று விசாரித்துவிடுங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மனநலத்துக்குத் தனித் துறை உண்டு. ஆனால் கிருஷ்ணகிரியில் கல்லூரி ஆஸ்பத்திரி இருப்பது போலுப்பள்ளியில். பழைய நினைப்பில் டவுனில் இறங்கிவிட்டால் ஓ.பி. முடிகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர முடியும்.

ஓசூர்க்காரர்களுக்கு நிம்ஹான்ஸ் என்கிற பெரிய மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரி பக்கம், பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. எடுத்ததும் அங்கே ஓட வேண்டும் என்கிற ஆசை வரும். முதல் தடவைக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு நாள் முழுக்கப் போகும், மறுவரவுக்கும் அதே பாடு. பக்கத்தில் பார்த்துச் சரிவராமல் போனால் அங்கேயிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம்.

இரண்டு பயணத்துக்கும் நடுவில் நடந்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மெடிக்கலில் "தூக்கத்துக்கு ஏதாவது" என்று கேட்டால் சில இடங்களில் சீட்டு இல்லாமலே நாலு மாத்திரை வெட்டித் தருகிறார்கள். அல்பிரசோலம், குளோனாசிபாம் வகை. முதல் ராத்திரி சொர்க்கம். தினமும் போட்டால் சில வாரத்திலேயே உடம்பு பழகிவிடும், அது இல்லாமல் தூக்கம் வராது, சட்டென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். டாக்டர்கள் இதைக் கொடுப்பதும் பெரும்பாலும் சில வாரத்துக்குத்தான்.

அந்த இடைவெளிக்கு உருப்படியான வழி 14416. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி போன், 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பி ஷிப்ட் (மதியம் தொடங்கி ராத்திரி முடிவது) முடிந்து நள்ளிரவில் வந்து உட்காரும்போது ஊரில் வேறு யாரும் விழித்திருக்க மாட்டார்கள். முதலில் எடுப்பவர் கவுன்சலர், தேவைப்பட்டால் மனநல டாக்டரிடம் இணைப்பார்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் ஓ.பி. நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே இந்த நம்பர், இல்லையென்றால் பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு.

மூன்றாவது பயணத்தில் வேலை நடந்தது, காரணம் ஒரு பக்கத் தாள். டாக்டருக்குக் கிடைப்பது ஐந்து, பத்து நிமிடம். எதிரே உட்கார்ந்ததும் வாய் அடைத்துவிடும். எழுதிக்கொண்டு போக வேண்டியவை: எப்போதிலிருந்து, எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்குத் தூங்குவது, எடை குறைந்ததா, ஒரு நாளைக்கு எத்தனை டீ, சிகரெட்டும் குடியும் எவ்வளவு, ஏற்கெனவே போட்ட மாத்திரைகளின் பெயர், வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா. அதோடு பி.எச்.க்யூ.-9, மனச்சோர்வை அளக்கிற கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டிய அளவு. ஒன்பதாவது கேள்வி சாவு பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டீயைக் குறைத்துச் சொல்வதில் லாபம் இல்லை. குடியைக் குறைத்துச் சொல்வதில் ஆபத்து உண்டு.

வீட்டில் என்ன சொல்வது என்பது தனிப் பஞ்சாயத்து. "காத்து கருப்பு, போய் மந்திரிச்சிட்டு வா" என்று அம்மா சொன்னால் போய் வாருங்கள், சண்டை வேண்டாம். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். கம்பெனிக்குத் தெரிந்துவிடுமே என்கிற பயத்துக்கு ஒரு பதில் இருக்கிறது: 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையைத் தருகிறது.

இனி மாத்திரை. எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் மாதிரி ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். இவை போட்ட அன்றைக்கே வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், பக்கவிளைவோ முதல் நாளே வந்துவிடும். குமட்டல், வயிற்றுப்போக்கு, கொட்டாவி, தலைவலி, சிலருக்குப் படபடப்பு இன்னும் கூடுதலாக. கெட்டது முன்னால் வருகிறது, நல்லது பின்னால் வருகிறது. முதல் வாரமே "இது நமக்கு ஒத்துக்கல" என்று அட்டையை வீசுவது இதனால்தான். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை நினைப்பு கூடலாம் என்ற எச்சரிக்கை இந்த மருந்துகளுக்கு உண்டு. கூட இருக்கிற ஒருவருக்காவது இது தெரிந்திருக்கட்டும். ஆண்மை சம்பந்தமான தொந்தரவும் சிலருக்கு வரும். கூச்சப்படாமல் சொன்னால் மருந்தை மாற்றலாம், சொல்லாமல் நிறுத்தினால் தலைக்குள் கரண்ட் அடிப்பது போல் வெட்டும், மயக்கம் வரும். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள்.

ஷிப்ட் ஆட்கள் கேட்க மறக்கிற கேள்வி: எத்தனை மணிக்கு? ஷிப்டோடு மாத்திரை நேரத்தையும் மாற்றிக்கொண்டே போகாமல், மூன்று ஷிப்டிலும் விழித்திருக்கிற ஒரு நேரத்தை டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். சாயங்காலம் ஆறு மணி பொருந்தவில்லை, பி ஷிப்டில் அந்த நேரம் லைனில் இருப்போம். காலை ஒன்பது பொருந்தியது: காலை வேலையான ஏ ஷிப்டில் டீ பிரேக், ராத்திரி வேலையான சி ஷிப்டில் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட கையோடு.

தூக்கத்துக்கு மாத்திரையைவிட இந்த நாலும் உதவின. காபி, டீயில் இருக்கிற காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் சி ஷிப்டில் நள்ளிரவுக்கு மேல் டீ இல்லை. கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, வெயில் கண்ணில் பட்டால் மூளை விடிந்துவிட்டது என்று முழித்துக்கொள்ளும். அறை இருட்டாக இருக்க வேண்டும், ஜன்னலுக்குப் பழைய போர்வை போதும். சிமென்ட் ஷீட் கூரை என்றால் பகலில் அங்கே தூங்கவே முடியாது, கீழ்வீட்டு அண்ணனிடம் கேட்டாவது இடத்தை மாற்றுங்கள். நாலாவது, படுத்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்பிப் போவது, செல்போன் இல்லாமல். சூப்பர்வைசர் காது கொடுக்கிறவராக இருந்தால் ஏ, பி, சி என்று முன்னோக்கிச் சுற்றும் ஷிப்டைக் கேளுங்கள். பின்னோக்கிச் சுற்றுவதை உடம்பு தாங்குவது கடினம்.

லீவில் பணம் விட்டது தனி எரிச்சல். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு நோய்க்கால உதவி உண்டு: சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பிடித்திருக்க வேண்டும். சான்றிதழ் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி வழியாக வந்தால்தான் வேலை சுலபம். தனியார் கிளினிக் சீட்டை நம்பி ஐந்து நாள் படுத்ததற்குப் பைசா வரவில்லை. லீவு எடுக்கும் முன்பே டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

கவுன்சலிங்கில் மூன்று சந்திப்பு. பெரும்பகுதி கேட்டுப் பழகிய விஷயம்தான். உருப்பட்டது "கவலை நேரம்": தினமும் ஒரே நேரத்தில் இருபது நிமிடம் ஒதுக்கி, மற்ற நேரம் வருகிற கவலையை நோட்டில் ஒரு வரி குறித்துவிட்டு "ஏழு மணிக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளுவது. ஏழு மணிக்குத் திறந்து பார்த்தால் பாதி வரி செத்துப்போயிருக்கும். மீதியில் பெரும்பாலும் இ.எம்.ஐ. அதற்குக் கவுன்சலிங் பத்தாது, கடன் தேதியைச் சம்பளத் தேதிக்குப் பக்கத்தில் மாற்றித் தர முடியுமா என்று எழுதிக் கேட்க வேண்டும். கேட்டதில் ஒரு கடனுக்கு மாற்றித் தந்தார்கள். மாத்திரைக்கு அடுத்தபடி பெரிய நிவாரணம் அதுதான்.

"திருப்தியா இருக்கியா?" என்று கவுன்சலர் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அதற்கும் ஒரு தாள் கொடுத்தார்: எட் டீனர் என்கிற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் 1985இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோல், ஐந்து வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7, மொத்தம் 5 முதல் 35. சரியாக 20 என்றால் நடுநிலை. மாதம் ஒருமுறை, சம்பளம் வந்த அன்றைக்கு இல்லாமல் வேறொரு நாளில் போட வேண்டும். சம்பள நாளில் போட்டால் மூன்று, நாலு கூடுதலாகக் காட்டுகிறது.

முதல் மாதம் 11. ஐந்தாம் மாதம் 19. அந்த எட்டில் எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. வார லீவில் ஊருக்குப் போனது, ராத்திரி முழுக்கக் கூத்துப் பார்த்தது (தூக்க விதியெல்லாம் அன்றைக்கு மட்டும் ரத்து), சாயங்காலம் கே.ஆர்.பி. அணைப் பக்கம் நடந்தது, எல்லாம் நோட்டில் இருக்கிறது. அடுத்த மாத்திரை நாள் வியாழன். பழைய ஓ.பி. சீட்டு பர்ஸில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து வருகிறது, லேமினேட் பண்ணாதீர்கள், அதில் டாக்டர் எழுத வேண்டும். பிளாஸ்டிக் கவர் போதும், பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிறது.