தேவப்பிரயாகை: படி எண்ணிக் குடியிருந்த ஐந்து நாள்கள்

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் செல்லும் வண்டிகள், ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் கடந்ததும் தேவப்பிரயாகைக்கு மேலே ஒரு வளைவில் பத்து நிமிடம் நிற்கின்றன. பயணிகள் தடுப்புச் சுவர் ஓரமாக நின்று, பச்சையாக வரும் பாகீரதியும் சாம்பல் நிறமாக வரும் அலக்நந்தாவும் கீழே கூடுவதைப் படம் பிடித்துக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். கங்கை என்ற பெயர் தொடங்குவது அந்தக் கூடுதுறையில்தான். பெரியாழ்வார் 'கண்டமென்னும் கடிநகர்' என்று பாடிய திவ்யதேசம் இதுவே என்பதால், நம் ஊர் யாத்திரைக் குழுக்கள் மட்டும் கீழே இறங்கி, நீராடி, ரகுநாதரைச் சேவித்து, இரண்டு மணி நேரத்தில் மலையேறிவிடுகின்றன. புரட்டாசிக் கடைசியில் நான் அங்கே ஐந்து நாள்கள் தங்கினேன்.

முதல் தவறு அறை விஷயத்தில் நேர்ந்தது. இணையத்தில் 'ஆற்றைப் பார்த்த அறை' என்று படத்தோடு இருந்ததை நம்பிப் பணம் கட்டிவிட்டேன். போய்ச் சேர்ந்த பிறகுதான், சாலையிலிருந்து இறங்கி, தொங்குபாலத்தைக் கடந்து, எதிர்க்கரையில் மறுபடியும் மேலே ஏறினால்தான் அந்த வீடு வரும் என்று தெரிந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினேழு படிகள். இரண்டாம் நாள் எண்ணிவிட்டேன். இந்த ஊரில் வாடகையைக் கேட்பதற்கு முன் படி எத்தனை என்று கேட்க வேண்டும். வீடுகள் செங்குத்தான சரிவில் ஒன்றன் தலைமேல் ஒன்றாக நிற்பதால், ஊருக்குள் ஆட்டோ என்ற பேச்சுக்கே இடமில்லை. மணலும் செங்கல்லும் கோவேறு கழுதைகளின் முதுகில் வருகின்றன. சமையல் எரிவாயு உருளையை ஒருவர் கயிற்றால் முதுகோடு கட்டி, பாலம் ஆடும் ஆட்டத்துக்கு ஏற்ப அடி வைத்து எடுத்துச் செல்வதை அருகிலிருந்து பார்த்தேன். நடுப்பாலத்தில் எதிரே வந்த நான் ஒதுங்குவதற்குத் தடுமாறினேன், அவர் நிற்கவேயில்லை.

இரண்டாவது பாடம் தண்ணீர் தந்தது. பாகீரதியின் குறுக்கே மேலே டெஹ்ரி அணை இருக்கிறது. வண்டலை அங்கேயே விட்டுவிட்டு வருவதால்தான் அதற்கு அந்தப் பச்சை நிறம். அலக்நந்தாவிலும் மேலே ஸ்ரீநகர் (காஷ்மீரில் இருப்பது அல்ல, உத்தராகண்டில் உள்ள ஊர்) பக்கம் 330 மெகாவாட் நீர்மின் நிலையம் இயங்குகிறது. ஆகவே மழை பெய்யாத நாளிலும் நீர்மட்டம் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒருநாள் காலையில் கூடுதுறையின் நான்காம் படியில் செருப்பை விட்டுவிட்டு, இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போட்டேன். குளிர் எலும்பில் ஏறியது. தலை துவட்டித் திரும்புவதற்குள் நான்காம் படி தண்ணீருக்குள் போயிருந்தது. செருப்பு ஹரித்துவாரத்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டது. சங்கிலியை விட்டு ஒரு முழம் தள்ளிக்கூட இறங்காதீர்கள். அணையிலிருந்து நீர் திறக்கும்போது சங்கு ஒலித்தால் உடனே மேலே ஏறிவிட வேண்டும்.

உணவுக்குக் கவலையில்லை. ரொட்டி, ராஜ்மா, சோறு எல்லாக் கடையிலும் கிடைக்கும். எனக்குப் பிடித்தது ஃபாணு. கஹத் என்று அவர்கள் சொல்லும் பருப்பை ஊறவைத்து, அரைத்து, இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்துச் சோற்றில் ஊற்றுகிறார்கள். முதல் வாயிலேயே அடையாளம் தெரிந்துவிட்டது: நம் கொள்ளுதான். சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்று கடைக்கார அம்மா சொன்னபோது, என் பாட்டியே எதிரில் உட்கார்ந்து பேசுவது போலிருந்தது.

துணி காய்வதுதான் பெரும்பாடு. மலைகள் இருபுறமும் நெருக்கி நிற்பதால் வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடுகிறது. காயப்போட்ட துணிக்குக் குரங்குகளிடமிருந்து காவலும் வேண்டும். கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தலாம். ஆனால் ஆற்றங்கரைச் சந்துகளில் அலைவரிசை அடிக்கடி அறுந்துபோவதால், ரொக்கம் இல்லாமல் இறங்கக் கூடாது.

மழைக்காலத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள் என்று கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள். 2021 மே மாதத்தில் மேகவெடிப்பால் சாந்தா ஓடை பெருகி, கடைத்தெருவில் கட்டடங்களை அடித்துச் சென்றது. கொரோனா ஊரடங்கினால் கடைகள் பூட்டியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. மே மாதத்திலேயே அப்படியென்றால், ஆடி ஆவணியில் சரிவிலிருந்து கல் உருண்டு சாலை அடைபடுவது இங்கே யாருக்கும் செய்தியே இல்லை. ரிஷிகேசம்–கர்ணப்பிரயாகை ரயில் பாதைக்காக மலையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். 125 கிலோமீட்டரில் பெரும்பகுதி சுரங்கம். ரயில் வரும்வரை, அதிகாலையில் கிளம்பும் பேருந்தும், ஆள் நிரம்பினால்தான் நகரும் பங்கு ஜீப்பும்தான் கதி.

ஆறாம் நாள் விடியலில், புதிதாக வாங்கிய ரப்பர் செருப்போடு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஏறினேன். இருமுறை உட்கார்ந்தேன். மேலே ஒரு சுற்றுலாப் பேருந்து நின்றிருந்தது. கீழே கைகாட்டி, "அங்கே போய்வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அதிலிருந்த ஒரு பெரியவர் இந்தியில் கேட்டார். இறங்கப் பதினைந்து நிமிடம் என்றேன். ஏறுவதைப் பற்றி அவர் கேட்பதற்குள் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்திவிட்டார்.