ஊதும் தம்பி, ஊதும்

மருத்துவபீடத்தில் எங்களுக்குப் படிப்பித்த சேர் காலமான செய்தி வந்த கையோடு நினைவுமலர்க்குழு என்னிடம் ஒரு பக்கம் கேட்டது. அவருடைய பட்டங்களையும் பதவிகளையும் மற்றவர்கள் எழுதட்டும். எனக்கு ஞாபகம் வருவது அந்தச் சிறிஞ்தான்.

1991. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சலரோகம், அதாவது நீரிழிவு, இருதயத்தையும் பிரஷரையும் ஆளும் நரம்புகளைக் கெடுத்துவிட்டதா என்று பார்க்க எடின்பரோவின் யூயிங்கும் கிளார்க்கும் வகுத்த ஐந்து சோதனைகளை ஈ.சி.ஜி. எடுத்து, துடிப்புக்குத் துடிப்பு அளந்து செய்வதெல்லாம் புத்தகத்தோடு சரி. சேர் விடவில்லை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு விடச் சொல்லி எங்களை நாடி பிடிக்க வைப்பார்; இழுக்கும்போது விரைந்து, விடும்போது தணிய வேண்டும். பிரஷர் பட்டியைச் சுருட்டிக் கையில் கொடுத்து இறுக்கச் சொல்வார்.

அன்று வல்சால்வா, அடைத்த குழாயில் ஊதிப் பிடிக்கும் சோதனை. அந்தப் பெயருள்ள இத்தாலியர் 1704இல் காதுக்காகச் சொன்ன வித்தை, எங்களிடம் வந்து இருதயத்துக்கானது. பிரஷர் பார்க்கும் இரசமானியின் குழாயில் சிறிஞ் உறையைச் செருகி என்னிடம் நீட்டினார்.

"ஊதும் தம்பி. இரசத்தை 40இல் 15 செக்கன் நிறுத்தும்."

இரசம் அசையாமல் நின்றது. எனக்குப் பெருமை. மணிக்கட்டில் சேரின் மூன்று விரல்.

"நாடியிலை ஒரு மாற்றமும் இல்லை. தம்பிக்கு இருபது வருசச் சலரோகம்!"

வாட்டே சிரித்தது, கட்டிலில் இருந்த ஐயா உட்பட.

"கன்னத்தாலை ஊதினா இரசம் ஏறும், நெஞ்சு அழுத்தாது. உமக்கு நாதஸ்வரம்தான் சரி."

பிறகுதான் குழாயில் ஊசியால் ஒரு துளை போட்டார். காற்று கசிந்துகொண்டேயிருந்தால் கன்னத்தில் அடக்க முடியாது, நெஞ்சால்தான் தள்ளவேண்டும். துளையை முதலே போட்டிருக்கலாம். போடாமல் விட்டதுதான் பாடம் என்று இப்போது விளங்குகிறது. அன்று கிடைத்தது பட்டப்பெயர் மட்டும்.

இரண்டாம் முறை என் நாடியை என்னையே பிடிக்கச் சொன்னார். ஊத ஊத அது மெலிந்து ஓடியது. விட்டுச் சில துடிப்புகளில் பருத்து, ஆறுதலாக வந்தது.

"இது வராத ஆள் எழும்பினா விழக்கூடும். பிரஷர் மருந்து எழுத முதல் எழுப்பி நிற்பாட்டிப் பாரும்."

லண்டனில் விரலில் மாட்டும் கருவி ஒவ்வொரு துடிப்பின் பிரஷரையும் திரையில் வரைகிறது. இளம் டொக்டர்மார் திரையைப் பார்க்கிறார்கள். நான் நாடியைப் பிடித்தபடி நிற்பேன். கிழடு என்று நினைப்பார்கள், நினைக்கட்டும்.

சண்டை ஓய்ந்தபின் ஊருக்குப் போனபோது, "எப்ப திரும்பி வாறீர்?" என்றார். பிள்ளைகளின் படிப்பு முடியட்டும் என்றேன். அடுத்தமுறை போகையில் படிப்பு முடிந்திருந்தது, அவர் கேட்கவில்லை. வாட்டுக்குக் கூட்டிப்போய் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார்: "இவர்தான் எங்கட நாதஸ்வரம். இப்ப லண்டனிலை வாசிக்கிறார்."