நூலகத்தில் வைக்கப்படும்

மொரீசியஸின் தலைநகரான போர்ட் லூயியில் நாடாளுமன்றம் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில்தான் கூடும். ஆகவே திங்கட்கிழமை மாலைகளில் எங்கள் அலுவலகத்தில் எவரும் பொழுதோடு வீடு திரும்பியதில்லை. மின்சாரம், குடிநீர், இயற்கை வளங்கள் குறித்து உறுப்பினர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு அமைச்சர் வாசிக்க வேண்டிய பதில்களை எழுதும் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அவையின் அலுவல் மொழி ஆங்கிலம், விரும்பியவர்கள் பிரெஞ்சிலும் பேசலாம். வீட்டில் கிரியோல், கோவிலில் தமிழ் என்று வாழ்ந்த நான் இந்த வேலையைப் பற்றித் தமிழில் எழுதுவது இதுவே முதல் முறை.

‘பி’ (B) என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் தாங்கி வரும் அந்தக் கேள்விகளுக்கென்று ஒரு வாய்பாடு உண்டு. இன்ன வாரியத்தைப் பொறுத்தவரை, அதனிடமிருந்து விவரம் பெற்று அவையின் நன்மைக்காக அமைச்சர் தெரிவிப்பாரா என்று உறுப்பினர் கேட்பார். பதிலும் அதே தோரணையில், ‘எனக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளபடி’ என்று தொடங்கும். பின்னால் கணக்குத் தவறென்று தெரியவந்தால், தவறு தெரிவித்தவருடையது, வாசித்தவருடையது அல்ல என்று நகர்ந்துகொள்ள அந்த ஒரு சொற்றொடர் போதும். அதை எத்தனை நூறு முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. எதிர்க்கட்சித் தலைவருக்கு மட்டுமே உரிய தனி அறிவிப்புக் கேள்வி அவை கூடும் நாளின் காலையில்தான் கைக்கு வரும். அந்தக் காலைகளில் தேநீர்கூட ஆறிப்போகும்.

என்னால் மறக்க முடியாதது கரும்புச் சக்கை பற்றிய ஒரு கேள்வி. மொரீசியஸில் கரும்பு ஆலைகளையொட்டிய மின் நிலையங்கள் அறுவடைக் காலத்தில், ஏறக்குறைய ஜூன் முதல் டிசம்பர் வரை, சக்கையை எரித்து மின்சாரம் தருகின்றன. மற்ற மாதங்களில் அதே கொதிகலன்களில் கப்பலில் வந்திறங்கும் நிலக்கரி எரிகிறது. சக்கையைப் பயன்படுத்தும் நிலையங்களிலிருந்து முந்தைய ஆண்டு பெற்ற மின்சாரம் எவ்வளவு என்று உறுப்பினர் கேட்டிருந்தார். ‘சக்கையிலிருந்து’ என்று அவர் கேட்கவில்லை, ‘சக்கையைப் பயன்படுத்தும் நிலையங்களிலிருந்து’ என்றே கேட்டிருந்தார். நான் ஆண்டு முழுவதற்குமான மொத்தத் தொகையை எழுதினேன். ஒவ்வோர் இலக்கமும் சரி. மேலதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, “கேட்டதற்குப் பதில் இருக்கிறது தம்பி, இது போதும்” என்று கையெழுத்திட்டார்.

மறுநாள் அவையில், அதிகாரிகளுக்கென்று ஒதுக்கிய இருக்கையில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அமைச்சர் பதிலை வாசித்து முடித்ததும், ஒரு காலத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த மற்றோர் உறுப்பினர் துணைக் கேள்வி கேட்க எழுந்தார். “அறுவடை இல்லாத மாதங்களில் அந்த நிலையங்கள் எதை எரிக்கின்றன? அதன் பங்கு எவ்வளவு?” அமைச்சர் எங்கள் பக்கம் திரும்பினார். சக்கைக்கும் நிலக்கரிக்கும் மாதவாரியாகத் தனித்தனியே கணக்கிட்ட தாள் என் கோப்பிலேயே, மொத்தத் தொகை எழுதிய தாளுக்கு அடியில் இருந்தது. என் விரல் அதன் ஓரத்தைத் தொட்டது. மேலதிகாரி தலையை மெல்ல அசைத்தார். விவரம் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் நூலகத்தில் வைக்கப்படும் என்றார் அமைச்சர். திரட்ட வேண்டிய விவரம் எதுவுமே இல்லை, அது என் மடியில் இருந்தது.

பொய் என்று ஒரு சொல்கூட அன்று அவையில் சொல்லப்படவில்லை என்று சிலர் வாதிடலாம். எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. மறுநாள் நாளிதழில் அந்த மொத்தத் தொகையைப் பார்த்த எந்த ஆசிரியையும் எந்த மீனவரும், நம் கரும்பு நமக்கு அவ்வளவு வெளிச்சம் தருகிறது என்றுதான் எண்ணியிருப்பார். 2030க்குள் 60 விழுக்காடு மின்சாரம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து வரும், நிலக்கரி அறவே நிறுத்தப்படும் என்று 2021இல் அரசு அறிவித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தாள்தான். சக்கையையும் நிலக்கரியையும் ஒரே வரியில் சேர்த்து எழுதும் பழக்கம் நீடித்தால், இலக்கை எட்டினோமா என்பதை யாராலும் அறிய முடியாது.

கேள்வி எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு அதைத் தட்டிக்கழிப்பது கடினம். குடிநீர்க் கொள்கை என்ன என்று கேட்டவருக்கு இரண்டு பக்கம் எழுதிவிடலாம். மார் ஓ வாக்வா நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 2.589 கோடி கனமீட்டர், இன்றைய இருப்பு இத்தனை விழுக்காடு என்று நிரப்பினால் நேரம் ஓடிவிடும். சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் பாதிக்கும் மேல் கணக்கில் வராமல் போவது அந்தப் பக்கங்களில் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். ஆனால் இன்ன தெருவில் எந்த மணியிலிருந்து எந்த மணிவரை தண்ணீர் விடப்படுகிறது என்று கேட்டவருக்கு மணியைத்தான் எழுத வேண்டும். ரோஸ் ஹில்லில் வாளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு என் அம்மா கேட்டதும் அதுதான்: “கான் தெலோ பூ வினி?” தண்ணீர் எப்போது வரும் என்பதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

கேட்பதற்கு ஆளே இல்லாத நாள்களும் உண்டு. தொலைபேசி உரையாடல்களின் ஒலிப்பதிவுகள் வெளியானதை அடுத்து, 2024 நவம்பர் 1 அன்று சமூக ஊடகங்களை முடக்கும்படி தகவல் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டு, மறுநாளே அதை விலக்கிக்கொண்டது. தேர்தலுக்காக அக்டோபர் 4ஆம் தேதியே அவை கலைக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு நாளுக்கு விளக்கம் கோரித் துணைக் கேள்வி எழுப்ப ஒருவரும் அங்கே இல்லை. அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஆனாலும் அந்தக் காலி அவையை நினைத்து இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

கரும்புச் சக்கைத் தாளை நூலகத்துக்கு அனுப்பும்படி அடுத்த வாரமே குறிப்பு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். நான்காவது குறிப்பின் மேல் ‘அனுப்பலாம்’ என்று ஒரே ஒரு சொல் எழுதி மேலதிகாரி கையெழுத்திட்டபோது ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. உதவியாளரிடம் கொடுக்காமல் நானே உறையை எடுத்துக்கொண்டு போனேன். நூலகத்திலிருந்த பெண்மணி பதிவேட்டில் எண்ணைக் குறித்துக்கொண்டு, “இதற்காக ஓர் உறுப்பினர் மூன்று முறை வந்து கேட்டுவிட்டுப் போனார்” என்றார். நான் அங்கேயே நின்றுகொண்டிருக்க, அவர் தொலைபேசியை எடுத்து அந்த உறுப்பினரை அழைத்தார்.