அப்பாவோடு அபர்வாத் ஏறினோம்

"ரோப் கார்ல ஏறி, அதுக்குக் கீழயே சறுக்கி இறங்குறதுக்கு காஷ்மீர் வரைக்கும் வரணுமா பாப்பா?" என்று அப்பா கேட்டதும் குல்மர்க்கின் அபர்வாத் மலைக்கு எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த கைடு சிரித்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பா கையை ஆட்டிய விதமே போதுமானதாக இருந்தது.

அப்பாவுக்கு 66 வயது. மதராஸ் ரெஜிமென்டில் இருந்தவர். குல்மர்க்கில் 1948இல் தொடங்கிய ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளி இருக்கிறதே, எண்பதுகளில் அங்கேதான் பனிச்சறுக்கு பழகினார். அப்போது கோண்டோலா, அதாவது இந்த ரோப் கார், கிடையாது. நடுவழியில் இருக்கும் கோங்தூரி வரை போகும் முதல் கட்டம் 1998இல் வந்தது, அங்கிருந்து மேலே போகும் இரண்டாம் கட்டம் 2005இல். அவருக்குத் தெரிந்த அபர்வாத், நடந்து ஏறுகிற அபர்வாத்.

கடைசியில் பேரம் படிந்தது. 2,650 மீட்டரில் இருக்கும் குல்மர்க்கிலிருந்து கோங்தூரி வரை கோண்டோலா, அதற்கு மேல் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துக்குச் சொந்தக் கால். ஊரிலேயே டாக்டரிடம் காட்டி டிரெட்மில் டெஸ்ட் எடுத்திருந்தோம். குல்மர்க் வந்த பிறகும் சில நாள் சும்மா சுற்றி உடம்பைப் பழக்கினோம். 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான். பட்டாளத்துக்காரர் வருகிறார் என்று அது கூடிவிடப்போவதில்லை.

ஏறுவதற்கு ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையின் அடியில் 'ஸ்கின்' என்று நீளமான ஒரு பட்டை ஒட்ட வேண்டும். முன்னிருந்து பின்னாகத் தடவினால் வழுவழுவென்று போகும். எதிர்ப்பக்கம் தடவினால் ரோமம் சிலிர்த்துக் கையைப் பிடிக்கும். அதனால்தான் சரிவில் ஸ்கீ முன்னால் போகுமே தவிரப் பின்னால் வழுக்காது. குதிகால் மட்டும் விடுபட்டு எழும்பும். அப்பா அந்தப் பட்டையைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். "எங்க காலத்துல இந்தப் பசையெல்லாம் ஏது, வார் போட்டு இறுக்கிக் கட்டுவோம்."

கைடு தடம் போட, நடுவில் அப்பா, கடைசியில் நான். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்பது அப்பாவின் கணக்கு. அதனால் என் ஆபீஸ் கதையெல்லாம் கேட்டு வாங்கினார். எனக்கும் அது வசதி. அவர் பேச்சு குளறாத வரை கவலையில்லை என்று காதைத் தீட்டிக்கொண்டே போனேன்.

பாதிக்கு மேல் திடீரென்று பேச்சு நின்றது. எனக்குப் பகீரென்றது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது காற்று அடித்துக் குவித்திருந்த, எப்போது வேண்டுமானாலும் சரியக்கூடிய ஒரு பனிமேட்டை. 2010 பிப்ரவரியில் கிலன்மர்க் பக்கம் அதே பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் பனிச்சரிவில் இறந்த செய்தி வந்த நாளில் அப்பா சாப்பிடவே இல்லை. புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னலால் காட்டும் பீக்கன், மண்வாரி, பனிக்குள் குத்தித் தேடும் கம்பி மூன்றும் ஆளுக்கொன்று இல்லாமல் காலை எடுத்து வைக்கமாட்டேன் என்று காலையில் அவர் அடம்பிடித்ததும் அதனால்தான். கைடும் அந்த மேட்டை ஏற்கெனவே கவனித்திருந்தார். சுற்றிப் போனோம். ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது, ஆகட்டுமே.

முகட்டில் வானம் சுத்தமாக இருந்தது. வடக்கே 8,126 மீட்டர் நங்க பர்வதம். நான் படம் எடுத்துத் தள்ளினேன். அப்பாவோ எல்லைப் பக்கத்து மலைகளைக் காட்டிக் கைடுடன் தன் ராணுவ இந்தியில் ஏதோ பழைய வழக்கு பேசிக்கொண்டிருந்தார்.

இறக்கம்தான் வயதானவர்களுக்குச் சோதனை. ஏறும்போது வாங்குவது மூச்சு. இறங்கும்போது அடி வாங்குவது முட்டியும் தொடையும். அப்பா பழைய பாணிக்காரர், இரண்டு முழங்காலையும் ஒட்டவைத்தே திரும்புவார். வாடகைக்கு எடுத்த அகல ஸ்கீ அதற்கு இடம் கொடுக்கவில்லை. முதல் சில திருப்பங்களில் தடுமாறினார். அப்புறம் கால்களைக் கொஞ்சம் அகட்டினார், அவ்வளவுதான். மாவு மாதிரிப் பனி இடுப்பளவு தெறிக்க, வளைந்து வளைந்து போய்விட்டார். பின்னால் போன நான் தலைகுப்புற விழுந்து, புதைந்த ஸ்கீயைத் தோண்டி எடுத்தேன். அப்பா நாலைந்து திருப்பத்துக்கு ஒருமுறை நின்று தொடையைத் தட்டிக்கொண்டார். எனக்காக நிற்கிறாராம்.

கோங்தூரியில் சூடாகக் கஹ்வா என்கிற காஷ்மீர் டீ குடித்தோம். அங்கிருந்தும் சறுக்கிக்கொண்டே ஊருக்குள் இறங்கிவிடலாம் என்றார் கைடு. அப்பா அதற்குள் ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கோண்டோலா வரிசையில் நின்றிருந்தார்.

"ரோப் கார் வேணாம்னீங்களேப்பா?"

"ஏறுறதுக்குத்தானே வேணாம்னேன்."